வகையறா என்று முடியும் வாக்கியங்கள்: பதின்பருவக் குரலின் வரலாற்றில் இரு நாவல்கள்

மராத்தியில் 1963இல் வெளிவந்த ‘கோசலா’ நாவலின் கதைசொல்லி, தன் பெயரைக் கூறிவிட்டு வயதைக் கூறப் போகும் இடத்தில் ஒரு சொல்லைப் பொருத்தமற்ற இடத்தில் வைத்துவிடுகிறான். ‘உதாஹரணார்த்’ என்பது அச்சொல். தமிழில் ‘உதாரணத்துக்கு’ எனலாம். தனக்கு இருபத்தைந்து வயது என்பதை ஓர் உண்மையாகக் கூறாமல், ஏதோ ஒன்றுக்கு எடுத்துக்காட்டாகக் கூறுகிறான். எதற்கு எடுத்துக்காட்டு என்பதை நாவல் முழுவதும் அவன் தெரிவிப்பதில்லை. இதற்கு இணையாக அவன் வாயில் ஓயாமல் வரும் மற்றொரு சொல் ‘வகைரே’. ஒரு பொருளைச் சொல்லத் தொடங்கி, முடிக்கும் முன்பே ‘இத்தியாதி’ என்று கைவிட்டுவிடும் சொல் அது. இவ்விரு சொற்களுக்கும் இடையில்தான் பாண்டுரங்க் சாங்க்வீகர் என்னும் இளைஞனின் பேச்சு முழுவதும் நடைபெறுகிறது. ஒன்று தொடங்குமிடத்தில் தயங்குகிறது, மற்றொன்று முடியுமிடத்தில் நழுவுகிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1951 ஜூலை 16 அன்று, அமெரிக்காவில் ஜே. டி. சாலிஞ்சரின் ‘தி கேட்சர் இன் த ரை’ வெளியாகியிருந்தது. அதன் கதைசொல்லி ஹோல்டன் கால்ஃபீல்டின் வாக்கியங்களும் இவ்வாறே தேய்ந்து முடிபவை. ‘அண்ட் ஆல்’, ‘ஆர் சம்திங்’ ஆகிய இரண்டும் அவன் வாக்கியங்களின் வாலில் தொங்கிக்கொண்டேயிருக்கும். 1959இல் டொனால்ட் காஸ்டெல்லோ ‘அமெரிக்கன் ஸ்பீச்’ இதழில் இந்நாவலின் மொழியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். 1950களின் அமெரிக்கப் பதின்பருவத்தினர் பேசிய வட்டார, வழக்குச் சொற்களின் ஆவணமாகவே அந்நாவலை அவர் அணுகினார். வாக்கியத்தைத் தளர விட்டுவிடும் இப்பழக்கத்தையும், சொன்னதை மீண்டும் ‘உண்மையாகத்தான் சொல்கிறேன்’ என்று உறுதிப்படுத்தும் பழக்கத்தையும் அவர் எடுத்துக்காட்டினார். நாவல் வெளிவந்து எட்டு ஆண்டுகளுக்குள், இன்னும் உயிரோடு புழங்கிக்கொண்டிருந்த பேச்சை ஒரு மொழியியல் இதழ் வரலாற்றுச் சான்றாகப் பதிவு செய்தது என்பது கவனிக்கத்தக்கது.

மொழியியலில் இத்தகைய ஈற்றுத் தொடர்களைப் பொது விரிவிகள் எனலாம். மேரியான் ஓவர்ஸ்ட்ரீட் 1999இல் இவற்றைப் பற்றித் தனி நூலே எழுதியுள்ளார். ஒரு பட்டியலை நீட்டிக்கும் பணியை இவை செய்வதாகத் தோன்றினாலும், உண்மையில் கேட்பவரை நோக்கிய சைகைகளாகவே பெரும்பாலும் செயல்படுகின்றன. ‘மீதி உனக்கே தெரியும்’ என்பது அச்சைகையின் உட்பொருள். பேசுபவரும் கேட்பவரும் ஒரே உலகைப் பகிர்ந்துகொள்கின்றனர் என்ற நம்பிக்கையின் மேல்தான் ‘இத்தியாதி’ நிற்க முடியும். அவ்வாறாயின், தன்னைப் புரிந்துகொள்ள ஒருவருமில்லை என்று கருதும் இரு இளைஞர்கள், புரிதலை முன்கூட்டியே எடுத்துக்கொள்ளும் இச்சொற்களை ஏன் இத்தனை முறை பயன்படுத்துகின்றனர்? இந்நாவல்களைப் பற்றிய விவாதங்களில் திரும்பத் திரும்ப எழும் ‘முதிர்ச்சியின்மை’ என்ற குற்றச்சாட்டை இக்கேள்வியின் வழியாகப் பரிசீலிப்பது பயனுடையது.

*

பதின்பருவம் என்பது உடலின் காலம் என்பதைவிட நிறுவனங்களின் காலம் எனலாம். ஸ்டான்லி ஹால் 1904இல் ‘அடலசன்ஸ்’ என்ற தலைப்பில் இரு பெரும் தொகுதிகளை வெளியிட்டார். அவர் அப்பருவத்தைக் கொந்தளிப்பின் பருவம் என விவரித்தபோது, பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மானிய இலக்கிய இயக்கம் ஒன்றின் பெயரையே கடன் வாங்கினார். அதாவது, உளவியல் தன் கலைச்சொல்லை இலக்கியத்திலிருந்து பெற்றது. பிற்கால நாவலாசிரியர்கள் அதே கொந்தளிப்பை உளவியலிலிருந்து எடுத்துக்கொண்டதாக நினைத்தனர். கடன் ஒரு சுற்றுச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்துசேர்ந்தது.

ஹாலின் நூலைவிட வலுவான காரணம் பள்ளிக்கூடம். 1900இல் அமெரிக்காவில் 14 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே உயர்நிலைப் பள்ளியில் இருந்தனர். 1940இல் அது நான்கில் மூன்று பங்கை நெருங்கியது. வயல், ஆலை, கடை ஆகியவற்றிலிருந்து விலக்கப்பட்டு, சம்பாதிக்க வேண்டிய கட்டாயமின்றி, ஒத்த வயதினரோடு மட்டும் பகற்பொழுதைக் கழிக்கும் ஒரு மக்கள்திரள் அப்போதுதான் உருவாயிற்று. ‘டீனேஜர்’ என்ற சொல் 1940களில் பரவலானது. ‘செவன்டீன்’ என்ற பெயரிலேயே 1944இல் ஒரு பத்திரிகை தொடங்கப்பட்டது. சந்தை அவர்களை நுகர்வோராகக் கண்டுகொண்ட பின்னரே இலக்கியம் அவர்களுக்குக் குரல் தந்தது. இவ்வரிசையை மறந்துவிட்டு ஹோல்டனை எக்காலத்துக்கும் உரிய இளமையின் உருவமாகக் கொண்டாடுவது அவனுக்கு நியாயம் செய்வதாகாது.

இலக்கிய வகைமையின் பக்கமிருந்து பார்த்தாலும் இதே சிக்கல் உண்டு. ‘பில்டுங்ஸ்ரோமான்’ என்ற சொல்லைக் கார்ல் மார்கன்ஸ்டெர்ன் 1810களின் இறுதியில் தோர்ப்பாட் பல்கலைக்கழக உரைகளில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பின்னர் தில்தாய் அதைப் பரவலாக்கினார். கெதேவின் வில்ஹெல்ம் மைஸ்டரை (1795–96) முன்மாதிரியாகக் கொண்ட அந்த வளர்ச்சி நாவல், தவறுகள் செய்து, அலைந்து, இறுதியில் சமூகத்தோடு உடன்படிக்கை செய்துகொள்ளும் இளைஞனின் கதை. ஆனால் அதே கெதே, அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் 1774இல், உடன்படிக்கை செய்ய மறுத்துத் தன்னைச் சுட்டுக்கொள்ளும் வெர்தரையும் எழுதியிருந்தார். ஹோல்டனும் பாண்டுரங்கும் மைஸ்டரின் வழித்தோன்றல்களா, வெர்தரின் வழித்தோன்றல்களா என்று வகுப்பறைகளில் கேட்கப்படுவதுண்டு. இருவரும் இரண்டு பாதைகளையும் தவிர்க்கின்றனர் என்பதே சரியான விடையாகத் தோன்றுகிறது. அவர்கள் சாவதுமில்லை, தேறுவதுமில்லை.

முதிர்ச்சியின்மை என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. கான்ட் 1784இல் அறிவொளி குறித்து எழுதிய புகழ்பெற்ற சிறு கட்டுரையில், பிறரின் வழிகாட்டுதலின்றித் தன் அறிவைப் பயன்படுத்த இயலாத நிலையையே முதிராமை என்றார். அதற்கு அவர் கையாண்ட ஜெர்மன் சொல்லை ‘வாய்’ என்னும் சொல்லோடு தொடர்புபடுத்திப் பொருள் கொள்வோர் பலர். வேர்ச்சொல் ஆய்வின்படி அது ‘பாதுகாப்பு, காவலர் உரிமை’ என்ற பழைய சட்டச் சொல்லிலிருந்து வந்தது. ஆக, முதிராதவன் என்பவன் முதலில் தந்தையின் காவலுக்கு உட்பட்டவன். வாயில்லாதவன் என்பது மக்கள் வழக்கு ஏற்றிச் சேர்த்த பொருள். பொய்யான வேர் சில வேளைகளில் மெய்யான வேரைவிட அதிகம் கற்பிக்கும். தந்தையின் பணத்தில் விடுதியில் வாழ்ந்து, அத்தந்தையைப் பற்றியே வாய் ஓயாமல் பேசும் ஒருவனை விளக்க இரண்டு வேர்களும் தேவைப்படுகின்றன.

*

ஹோல்டனின் பிறப்பு பற்றி அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. நாவலில் அவன் பதினாறு வயதில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டவன். கதையைச் சொல்லும்போது அவனுக்குப் பதினேழு. ஆனால் நாவலுக்கு முன் சாலிஞ்சர் எழுதிய சிறுகதைகளில் அவன் ஒரு போர்வீரன். 1944 ஜூலையில் ‘சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்’ வெளியிட்ட கதையிலும், 1945 அக்டோபரில் ‘எஸ்குயர்’ வெளியிட்ட கதையிலும் ஹோல்டன் கால்ஃபீல்ட் போர்முனையில் காணாமற்போனவனாகக் குறிப்பிடப்படுகிறான். அவனுடைய அண்ணன் வின்சென்ட்தான் அங்கே துயருறுபவன். பள்ளியை விட்டு வெளியேறும் ஹோல்டன் 1945 டிசம்பரில் ‘காலியர்ஸ்’ இதழிலும், 1946 டிசம்பரில் ‘நியூயார்க்கர்’ இதழிலும்தான் அச்சேறினான். பின்னதை ‘நியூயார்க்கர்’ 1941லேயே ஏற்றுக்கொண்டிருந்தது. பேர்ல் ஹார்பர் தாக்குதல் நிகழ்ந்தவுடன், பணக்காரச் சிறுவன் ஒருவனின் மனக்குறை அந்நேரத்துக்குப் பொருந்தாது என்று ஒத்திவைத்தது. ஐந்து ஆண்டுகள் கழித்தே அது வெளிவந்தது.

அந்த ஐந்து ஆண்டுகளில் சாலிஞ்சர் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் யூட்டா கடற்கரையில் இறங்கினார். ஹுர்ட்கன் காட்டின் குளிர்காலப் போரில் இருந்தார். 1945இல் போர்க்கால மன அழுத்தத்துக்காக நூரெம்பர்க்கில் மருத்துவமனையில் சேர்ந்தார். ஹோல்டனைப் பற்றிய கைப்பிரதிகள் அப்போரில் அவருடன் இருந்தன. போரில் தொலைந்தவனாகத் தாமே எழுதிவிட்ட ஒருவனை, போர் முடிந்த பின் பதினாறு வயதுக்குத் திருப்பி அழைத்து, போரே நிகழாத நியூயார்க் நகரத்தில் மூன்று நாள் அலைய விட்டார் ஆசிரியர். நாவலில் போர் அண்ணன் டி.பி.யின் நினைவாக ஒரு மூலையில் ஒதுங்கிவிடுகிறது. இளமையின் வெகுளித்தனத்தைப் பாதுகாக்கத் துடிக்கும் கதை என்று இந்நாவலைச் சொல்பவர்கள், அந்த வெகுளித்தனம் எங்கிருந்து மீட்டெடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. முதிராமை இங்கே ஒரு குறைபாடாக அன்றி, ஆசிரியர் தெரிந்தே செய்த ஒரு மீட்பாகத் தெரிகிறது.

வெளியீட்டாளர்களுக்கு அது அவ்வாறு தெரியவில்லை. ஹார்கோர்ட் பிரேஸ் நிறுவனத்தில் ராபர்ட் ஜிரூ நாவலை விரும்பி ஏற்றார். மேலதிகாரியான யூஜின் ரேனல், ஹோல்டன் பைத்தியக்காரனா இல்லையா என்று கேட்டார். சாலிஞ்சர் பிரதியைத் திரும்பப் பெற்று லிட்டில், பிரவுன் நிறுவனத்திடம் சென்றார். ‘நியூயார்க் டைம்ஸ்’ ஞாயிறு மதிப்புரை ஒன்று ஹோல்டனின் பேச்சு நடையிலேயே, கேலியாக எழுதப்பட்டது. அந்த நடை எளிதில் நகலெடுக்கக் கூடியது என்று மதிப்புரையாளர் நினைத்திருக்க வேண்டும். சொற்களை நகலெடுப்பது எளிதுதான். 1960இல் ஓக்லஹோமாவின் டல்சா நகரில் பதினோராம் வகுப்புக்கு இந்நாவலைப் பாடமாக வைத்த ஆசிரியர் ஒருவர் பணிநீக்கம் செய்யப்பட்டார். மேல்முறையீட்டில் அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. நாவல் பட்டியலுக்குத் திரும்பவில்லை.

*

புனேயின் கதை வேறு. பாலச்சந்திர நேமாடே 1938 மே 27 அன்று கானதேசத்தின் சாங்க்வி கிராமத்தில் பிறந்தார். புனேயின் ஃபெர்குசன் கல்லூரியில் பட்டம் பெற்று, டெக்கான் கல்லூரியில் மொழியியல் முதுகலை பயின்றார். 1950களின் நடுப்பகுதியில் டெக்கான் கல்லூரி இந்திய மொழியியலின் தலைமையிடமாக இருந்தது. எஸ். எம். காத்ரே தலைமையில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு அங்கே கோடைப் பள்ளிகள் நடைபெற்றன. அமெரிக்க அமைப்பியல் மொழியியலாளர்கள் வந்து கற்பித்தனர். எழுத்து மொழியைவிடப் பேச்சு மொழியே முதன்மையானது, எந்த வட்டார வழக்கும் தாழ்ந்ததன்று என்பது அந்தப் பள்ளியின் அரிச்சுவடி. இப்பாடத்தைப் படித்த ஒருவர் தன் இருபத்தைந்தாம் வயதில், அதுவரை மராத்தி நாவல் கேட்டிராத ஒரு பேச்சுக் குரலில் எழுதினார். பாடமே நாவலை உண்டாக்கியது என்று சொல்வது மிகையாகும். ஆனால் அந்த ஊரில், அந்த ஆண்டுகளில், பேச்சைக் கூர்ந்து கேட்பது ஓர் அறிவியலாகக் கற்பிக்கப்பட்டது என்பதைப் புறக்கணிக்கவும் இயலாது.

அதற்கு முந்தைய மராத்தி நாவலின் மொழி எத்தகையது என்பதற்கு ந. சீ. பட்கே, வி. ச. காண்டேகர் ஆகிய இரு பெயர்களே போதும். காண்டேகரைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கா. ஸ்ரீ. ஸ்ரீயின் மொழிபெயர்ப்புகள் வழியாக அவர் ஒரு தலைமுறைக்குத் தமிழ் எழுத்தாளராகவே இருந்தார். அலங்காரமும் இலட்சியமும் நிறைந்த அந்த நடையில் இளைஞர்கள் தெளிவாகத் துயருறுவர், தெளிவாகத் தியாகம் செய்வர், தொடங்கிய வாக்கியத்தை முடிப்பர். காண்டேகரின் ‘யயாதி’ 1959இல் வெளிவந்தது. நான்கே ஆண்டுகளில் ‘கோசலா’. இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு, இடையே ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது போன்ற மயக்கம் ஏற்படும்.

பாண்டுரங்க் வசதியான உழவர் குடும்பத்தின் மகன். கல்லூரிப் படிப்புக்காகப் புனே வருகிறான், விடுதியில் தங்குகிறான். மன்றச் செயலாளர் ஆகிறான், உணவு விடுதிப் பொறுப்பை ஏற்கிறான், கணக்கில் கோட்டை விடுகிறான், கடன் படுகிறான், தேர்வில் தோற்கிறான், ஊருக்குத் திரும்புகிறான். நிகழ்ச்சிகளாகச் சொன்னால் இவ்வளவுதான். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்தியாவின் எழுத்தறிவு 30 விழுக்காட்டை எட்டவில்லை. அத்தகைய நாட்டில், கிராமத்திலிருந்து கல்லூரி விடுதிக்கு வந்த முதல் தலைமுறை மாணவர்களுக்குப் பதின்பருவம் என்பதே விடுதியில்தான் கிடைத்தது. ஊரில் அவனுடைய வயதினர் ஏர் பிடித்துக்கொண்டிருந்தனர், அல்லது பிள்ளை பெற்றிருந்தனர். பாண்டுரங்கின் இருபத்தைந்து வயதை ஹோல்டனின் பதினாறோடு ஒப்பிடலாமா என்று ஐயுறுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இருவரும் வேலை செய்ய வேண்டியிராத, ஆனால் எதற்கும் உரிமையில்லாத அதே அறையில் அடைபட்டவர்கள்.

‘கோசலா’ மீது சாலிஞ்சரின் சாயல் படிந்திருப்பதாக மராத்தி விமர்சகர் பலர் சுட்டியுள்ளனர். சாயல் இல்லை என்று வாதிடுவது வீண். தேசியவாதம் என்று தமிழில் குழப்பம் தரக்கூடிய ‘தேசீவாதம்’ என்னும் மண்சார் இலக்கியக் கொள்கையைப் பிற்காலத்தில் முழங்கிய நேமாடேயின் முதல் நாவல் ஓர் அமெரிக்க நாவலோடு ஒப்பிடப்படுவதில் உள்ள நகைமுரணைச் சிலர் இரசிக்கவும் செய்கின்றனர். ஆயினும் அந்நாவலின் உரைநடைக்கு இன்னொரு மூதாதை உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மகானுபாவ மரபினர் எழுதிய ‘லீளாசரித்திர’த்தின் குறுகிய, வெட்டி வெட்டிச் செல்லும், அன்றாடப் பேச்சை அப்படியே பதியும் வாக்கியங்களை நேமாடே நன்கறிவார். நாவலின் ஓரிடத்தில் வரலாற்று ஆய்வின் நடையே பகடி செய்யப்படுகிறது. தாங்கள் வாழும் காலத்தையே தொல்பொருளாக்கித் தோண்டிப் பார்க்கும் விளையாட்டு அது. ஹோல்டனுக்கு இத்தகைய விளையாட்டு வாய்க்கவில்லை. அவனுடைய அருங்காட்சியகத்தில் எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் இருக்க வேண்டும். பாண்டுரங்குக்கோ, தானே அந்தப் பெட்டிக்குள் வைக்கப்படப் போகும் பொருள் என்று தெரிந்திருக்கிறது.

*

இரண்டு நாவல்களின் நடுவிலும் ஒரு குழந்தையின் சாவு இருக்கிறது. ஹோல்டனின் தம்பி ஆலி இரத்தப் புற்றுநோயால் இறக்கிறான். தேதியை நாவல் துல்லியமாகவே தருகிறது: 1946 ஜூலை 18. அப்போது ஹோல்டனுக்குப் பதின்மூன்று, ஆலிக்குப் பதினொன்று. அன்றிரவு வாகனக் கொட்டகையின் சன்னல் கண்ணாடிகள் அனைத்தையும் ஹோல்டன் கைமுட்டியால் உடைக்கிறான். பாண்டுரங்கின் தங்கை மணி பெரியம்மையால் இறக்கிறாள். நாவலின் கேலிக் குரல் உடைந்து போவது அங்கேதான். அஜந்தா குகைகளில் புத்தரின் முன் அவன் நிற்கும் பகுதியையும் அந்தச் சாவின் நிழலிலிருந்து பிரித்துப் படிக்க முடிவதில்லை.

இவ்விரு நோய்களின் வரலாற்றை நாவல்களுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். ஆலி இறந்த ஆண்டில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தே இல்லை. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அமினோப்டெரின் கொண்டு சில குழந்தைகளுக்குத் தற்காலிகத் தணிவை ஏற்படுத்தியது அடுத்த ஓரிரு ஆண்டுகளில்தான். முடிவுகள் 1948இல் வெளியாயின. கால்ஃபீல்ட் குடும்பத்தின் செல்வம் எதையும் வாங்கியிருக்க முடியாது. எனவே ஹோல்டனின் சினத்துக்கு முகவரி இல்லை. கண்ணாடிகளை உடைப்பதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை.

மணியின் நிலை அதுவன்று. பெரியம்மைக்கு ஜென்னரின் தடுப்பூசி 1796இலேயே வந்துவிட்டது. இந்தியாவுக்கு அது 1802லேயே வந்து சேர்ந்தது. தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம் 1962இல், அதாவது ‘கோசலா’ வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில் தொடங்கியது. இந்தியாவில் கடைசி நோயாளி கண்டறியப்பட்டது 1975 மே மாதம். ஒரு மருந்து நூற்றறுபது ஆண்டுகளாக நாட்டில் இருந்தும் ஒரு வீட்டின் கடைசிப் பெண்குழந்தையைச் சென்று சேரவில்லை. பாண்டுரங்கின் சினத்துக்கு முகவரிகள் உண்டு, மிகப் பலவாக உண்டு என்பதே அவனது துன்பம். வீடு, ஊர், பெண்குழந்தைகளைக் குறித்த அலட்சியம், நோயைத் தெய்வத்தின் பெயரால் அழைக்கும் வழக்கம், தந்தையின் பணம் தன் கல்லூரிக்குப் பாய்ந்த வாய்க்கால் என ஒவ்வொன்றும் குற்றவாளியாகலாம். தானும் அப்பட்டியலில் இருப்பதை அவன் அறிவான். எல்லாவற்றையும் எண்ணி முடிக்க முடியாத இடத்தில் ‘வகைரே’ வருகிறது.

அமெரிக்க நாவலை ‘அந்நியமாதல்’ என்றும், மராத்தி நாவலை அதன் இந்தியப் பிரதி என்றும் கூறுவது எத்தனை மேலோட்டமானது என்பதற்கு இந்த வேறுபாடு ஒன்றே போதும். ஒன்றில் காரணமற்ற சாவு. மற்றொன்றில் காரணங்கள் மலிந்த சாவு. முன்னது உலகைப் போலி என்று தீர்ப்பளிக்கத் தூண்டுகிறது. ஹோல்டனின் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்ட ‘ஃபோனி’ என்ற சொல், போலித் தங்க மோதிரத்தைக் காட்டி ஏமாற்றும் திருடர்களின் குழூஉக்குறியிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதியாளர் பலர் கருதுகின்றனர். அச்சொல் எங்கோ அசல் தங்கம் இருக்கிறது என்ற நம்பிக்கையை விட்டுவிடவில்லை. பாண்டுரங்கிடம் அதற்கு நிகரான ஒற்றைத் தீர்ப்புச் சொல் இல்லை. அவனுக்கு எதுவும் போலியில்லை, எல்லாமே மெய்யாக இருந்து பயனற்றுப் போனவை. அதனால்தான் ‘உதாரணத்துக்கு’.

ஆலியைப் பற்றிய அப்பகுதியை மீண்டும் பார்க்கும்போது ஒரு நுட்பம் கண்ணில் படும். கண்ணாடிகளை உடைத்ததற்காகத் தன்னை உளப்பகுப்பாய்வுக்கு உட்படுத்த நினைத்தார்கள் என்று ஹோல்டன் சொல்லும் அதே வாக்கியத்தில் ‘அண்ட் ஆல்’ வந்து விழுகிறது. மிக ஆழமான காயத்தின் மேலேயே மிக அலட்சியமான சொல். இதைக் கேலியாக நகலெடுத்த மதிப்புரையாளர்கள், இச்சொல் இன்ன இடத்தில்தான் வரும் என்பதைக் கேட்டுப் பார்க்கவில்லை. இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கும் இங்கே ஒரு பாதி விடை கிடைக்கிறது. ‘மீதி உனக்கே தெரியும்’ என்பது நம்பிக்கையிலிருந்தும் வரலாம், மன்றாட்டிலிருந்தும் வரலாம். கேட்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே, தெரிந்திருப்பதாக எடுத்துக்கொண்டு பேசுவது. அதை முதிர்ச்சியின்மை என்று அழைப்பதற்குத் தடையில்லை. ஆனால் ஒரு தம்பியின் சாவை முழு வாக்கியத்தில், இலக்கணம் பிசகாமல் சொல்லி முடிப்பது முதிர்ச்சியாகுமா என்பதை அவ்வாறு அழைப்பவர்கள் விளக்க வேண்டியிருக்கும்.

நாவலுக்குள்ளேயே இக்குற்றச்சாட்டு ஒருமுறை வைக்கப்படுகிறது. ஹோல்டனின் பழைய ஆசிரியர் ஆன்டோலினி, உளப்பகுப்பாய்வாளர் வில்ஹெல்ம் ஸ்டெக்கெலின் கூற்று ஒன்றை ஒரு தாளில் எழுதித் தருகிறார். இலட்சியத்துக்காகச் சாக விரும்புவதையும், அதற்காகப் பணிவோடு வாழ விரும்புவதையும் எதிரெதிரே நிறுத்தி, முதிர்ச்சியை வரையறுக்கும் கூற்று அது. அறிவுரை நல்லதுதான். அதைத் தந்த இரவிலேயே, ஆசிரியரின் நடத்தையைக் கண்டு அஞ்சி ஹோல்டன் அந்த வீட்டை விட்டு ஓடுகிறான். ஆசிரியரின் நோக்கம் என்ன என்பதை சாலிஞ்சர் கடைசிவரை தெளிவாக்கவில்லை. முதிர்ந்தவர்கள் தரும் முதிர்ச்சி பற்றிய வரையறை அந்தத் தாளிலேயே தங்கிவிடுகிறது. பாண்டுரங்குக்கு அத்தகைய தாளைத் தரவும் எவருமில்லை. அவனுக்கு முதிர்ச்சியைப் போதிப்பவர் தந்தை ஒருவரே, அதுவும் கணக்குப் புத்தகத்தின் வழியாக.

சாலிஞ்சர் 2010 ஜனவரியில் மறைந்தார். ஹோல்டனுக்கு வயதேற அவர் கடைசிவரை இடம் தரவில்லை. நேமாடே நேர்மாறாக, சாங்தேவ் நால்வரிசையில் படித்து, வேலைக்குச் சென்று, ஊர் மாறி, அலுத்துப் போகும் ஆசிரியன் ஒருவனைத் தொடர்ந்து எழுதினார். 2014ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தபோதும், வாசகர் பலர் முதலில் நினைவுகூர்ந்தது இருபத்தைந்து வயதில் அவர் எழுதிய நாவலைத்தான். சுதாகர் மராட்டே 1997இல் அதை ஆங்கிலத்தில் ‘கக்கூன்’ எனப் பெயர்த்தார். ‘கோசலா’ என்பதற்குக் கூட்டுப்புழுவின் கூடு என்பது பொருள். பட்டு வேண்டுமென்றால் புழு வெளியே வரும் முன் கூட்டைக் கொதிநீரில் இட வேண்டும் என்பதைத் தலைப்பை விளக்குவோர் ஏனோ குறிப்பிடுவதில்லை.

தமிழில் இந்நாவலைச் சொல்ல முயலும் எவருக்கும் ‘வகைரே’ ஒரு வியப்பைத் தரும். அரபு ‘வ கைர’, அதாவது ‘மற்றவையும்’, பாரசீக, உருது நிர்வாக மொழி வழியாக மராத்தியில் ‘வகைரே’ ஆனது. அதே சொல் தமிழில் ‘வகையறா’ ஆனது. அச்சொல்லே கையில் இருக்கையில் மொழிபெயர்ப்பு எளிது என்று தோன்றும். ஆனால் தமிழில் அது வேறொரு பாதையில் நடந்துவிட்டது. நிலப் பத்திரங்களிலும் வழக்குப் பட்டியல்களிலும் கோயில் திருவிழா அழைப்பிதழ்களிலும் ‘இன்னார் வகையறா’ என்றால் அவருடைய பங்காளிகள், பிள்ளைகள், அந்த வழியினர் எல்லோரும் என்று பொருள். பொருள்களைக் கைவிட மராத்தி இளைஞன் பயன்படுத்தும் சொல், இங்கே மனிதர்களைச் சொத்தோடு கட்டி வைக்கும் சொல். பாண்டுரங்கின் தந்தை பெயரில் ஒரு தமிழ்ப் பத்திரம் எழுதப்பட்டால், அதில் அவர் பெயருக்குப் பின்னால் வரும் ‘வகையறா’வுக்குள்தான் மகன் இருப்பான்.